எல்லைக்கோடு இல்லாத எல்லை வரைபடம்: பாரசீக மேற்கு மலைநாட்டின் நில அளவை, 1847–1914

எடுத்துக்கொண்ட நிகழ்வு

19ஆம் நூற்றாண்டின் நடுவில், உதுமானியப் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் (இன்றைய ஈரான்) இடையே எல்லை போடுவதற்காக, பாரசீகத்தின் மேற்கு விளிம்பை அந்த இரண்டோடு பிரிட்டன், ரஷ்யா என நான்கு அரசுகளின் ஆட்கள் கூட்டாகச் சுற்றி அளந்தார்கள். ஊர்கள், ஓடைகள், கணவாய்கள், குலங்களின் மேய்ச்சல் நிலங்கள் என்று வழியில் வந்ததெல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. எந்த எல்லைக்காக அளக்கப் போனார்களோ, அந்த எல்லை மட்டும் ஏறவில்லை. தரையில் அது தூண்களாக நிற்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லைத் தகராறுகளிலும் நில அளவையிலும் வேலை பார்ப்பவர்கள் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். பங்கேற்றவர்களின் பெயர்கள் பொது ஆவணங்களிலேயே இருக்கின்றன. இருந்தாலும் இங்கே பதவியால் மட்டுமே குறிக்கிறேன். இவர்களின் குணநலன், சண்டை, சச்சரவு பற்றிய கதைகள் நிறைய உண்டு. அவற்றுக்குள் போனால் நடைமுறையில் எங்கே பிசகியது என்பது கண்ணுக்குத் தப்பிவிடும்.

பின்னணி: ஸுஹாப் பற்றிய ஒரு வாக்கியம்

உதுமானியப் பேரரசும் பாரசீகமும் 1639இல் ஸுஹாபில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அது எல்லையைக் கோடாகச் சொல்லவில்லை. இந்தக் கோட்டை உனக்கு, அந்தக் குலம் எனக்கு என்று பட்டியல் போட்டது. இரு தலைநகரங்களும் வெகுதொலைவில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. மலைகளில் குர்து, லூர் குலங்களும் தெற்கே சதுப்பு நிலங்களில் அரபுக் குலங்களும் இருந்தன. கோடையில் மேலே, குளிரில் கீழே என்று நகர்கிற மக்களுக்கு ஒரே இடத்தில் நிற்கிற எல்லை எப்படிப் பொருந்தும்?

1837இல் பாக்தாதின் ஆளுநர் முஹம்மரா துறைமுகத்தைத் தாக்கினார். இன்று கொர்ரம்ஷஹர் என்று அழைக்கப்படுவது அந்த ஊர்தான். போர் மூளும் நிலை வந்தபோது பிரிட்டனும் ரஷ்யாவும் நடுவே புகுந்தன. எர்சுரூம் நகரில் 1843இல் தொடங்கிய பேச்சு, 1847 மே 31இல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது.

இந்த ஆய்வின் முடிச்சு அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. ஸுஹாப் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துச் சமநிலங்கள் உதுமானியருக்கு, கிழக்குப் பக்கத்து மலைநிலங்களும் கெரிந்த் பள்ளத்தாக்கும் பாரசீகத்துக்கு என்றது அது. மேசையில் உட்கார்ந்து படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாக்ரோஸ் மலைத்தொடர் சமவெளியில் சுவர் வைத்ததுபோல் எழும்புவதில்லை. முதலில் மண்மேடுகள், பிறகு தாழ்ந்த கரடுகள், இடையிடையே அகன்ற பள்ளத்தாக்குகள், அப்புறம்தான் உயர்ந்த முகடுகள். சமநிலம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு இடத்தைக் காட்டுவார்கள். நான்கு பேரைத்தான் அனுப்பவும் செய்தார்கள்.

அதே பிரிவு முஹம்மரா நகரையும் அபாதான் தீவையும் பாரசீகத்துக்குக் கொடுத்தது. பாரசீகம் சுலைமானியா மீதான உரிமையைக் கைவிட்டது. மூன்றாம் பிரிவு, எல்லையைக் களத்தில் வரையறுக்க இரு அரசுகளும் ஆணையர்களையும் பொறியாளர்களையும் அமர்த்த வேண்டும் என்றது. அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் யார் முடிவு சொல்வது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

1849–1850: களத்தில் கண்டது

ஆணைக்குழுவில் உதுமானிய, பாரசீக, பிரிட்டிஷ், ரஷ்ய ஆணையர்கள் நால்வர். பாரசீக ஆணையர் இளம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட முதல் பாரசீக மாணவர்களில் ஒருவர்; பொறியியல் படித்தவர். காலனிய நில அளவை என்றாலே அளந்தவர்கள் எல்லாம் ஐரோப்பியர், உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகள் என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கிறது. இங்கே அது பொருந்தாது. உதுமானிய, பாரசீக ஆணையர்கள் இருவருமே தாங்கள் பார்த்ததை விரிவான எல்லை அறிக்கைகளாக எழுதி வைத்தார்கள். ஊர்கள், குலங்கள், பழைய உரிமைகள் பற்றி அவற்றில் இருக்கும் செய்திகளை இன்றும் வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

குழு கூடுவதற்கு முன்பே சிக்கல் வந்துவிட்டது. உதுமானிய ஆணையர் 1849இல் பாக்தாதுக்குப் போகும் வழியில் வடக்கே உள்ள கோத்தூர் பள்ளத்தாக்கைப் படையோடு பிடித்துக்கொண்டார். வான் ஏரிப் பக்கத்திலிருந்து கோய் நகருக்கு இறங்கும் வழி அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. கணவாயைக் கையில் வைத்துக்கொண்டு பேச வந்தார் என்று சொல்லலாம்.

1850இல் குழு முஹம்மராவில் கூடியபோது, நகரை விட்டுக்கொடுத்தது அதைச் சுற்றியுள்ள நிலத்தை விட்டுக்கொடுத்ததாகாது என்று உதுமானிய ஆணையர் வாதிட்டார். பாரசீகத் தரப்பு ஒப்பவில்லை. ஒரே ஊரில் மாதக்கணக்கில் வாதம் நீண்டது. தெற்குச் சமவெளியில் குளிர்காலம்தான் அளவைக்கு ஏற்ற பருவம். கோடை வந்துவிட்டால் வெட்டவெளியில் கருவியோடு நிற்க முடியாது. மலையிலோ நேர்மாறு, பனி விலகும்வரை கணவாய்கள் திறக்காது. ஆகவே பேச்சில் போன ஒவ்வொரு மாதமும் அளவைக்கான பருவத்திலிருந்து பறிபோனது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

இந்த இடத்தில் நடுவர் அரசுகளான பிரிட்டனும் ரஷ்யாவும் ஒரு முடிவுக்கு வந்தன. எல்லையை வரையறுக்கும் வேலையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவது; இருப்பது இருந்தபடி இருக்கட்டும்; குழு வளைகுடாவிலிருந்து அரராத் மலை வரை போய் நிலத்தை மட்டும் அளந்து வரட்டும். கோடு எங்கே போகிறது என்பதைப் பிறகு தலைநகரங்களில் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்துக்கு இது அறிவுள்ள முடிவாகவே தெரிந்திருக்கும். குழுவைக் கலைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அளவையாவது நடந்தால் வரைபடம் ஒன்று கிடைக்கும். நல்ல வரைபடம் வந்துவிட்டால் தகராறு தானாகவே சுருங்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1851இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். பிரிட்டனும் ரஷ்யாவும் தாங்களாகவே தீர்ப்புச் சொன்னால் ஒழிய இந்த எல்லை என்றைக்கும் தீராது என்பது அவர் கணிப்பு. கணிப்பு சரிதான். ஆனால் அதைச் செயல்படுத்தும் அதிகாரத்தை யாரும் அப்போது குழுவின் கையில் கொடுக்கவில்லை.

எப்படி அளந்தார்கள்

1852இல் குழு அரராத் அடிவாரத்தை எட்டியது. அந்தக் காலத்துப் பயண அளவையின் முறை எளிது, களைப்பானது. அட்சரேகைக்கு சூரியனையோ விண்மீனையோ செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் பார்ப்பார்கள். தீர்க்கரேகைக்கு குரோனோமீட்டர் என்ற நுட்பக் கடிகாரம். இரண்டு நிலைகளுக்கு நடுவே திசைகாட்டியின் கோணமும், கோவேறு கழுதை இத்தனை மணி நேரம் நடந்தது என்ற கணக்கும். முகடுகளுக்கு ஏறிச் சுற்றியுள்ள சிகரங்களைப் பார்த்துக் கோணம் எடுப்பார்கள்.

இதில் கடிகாரம்தான் நொண்டிக்கால். பூமி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கிறது. அப்படியானால் கடிகாரம் 4 வினாடி பிசகினால் தீர்க்கரேகையில் 1 கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிசகும். ஜாக்ரோஸ் இருக்கும் அட்சரேகையில் அது தரையில் சுமார் 1.5 கிலோமீட்டர். கல்லும் முள்ளுமான பாதையில் விலங்கின் முதுகில் குலுங்கிக்கொண்டு போகும் கடிகாரம் சில வாரங்களில் 4 வினாடி தவறுவது வியப்பே இல்லை. ஒரு பள்ளத்தாக்கின் அகலமே 1.5 கிலோமீட்டர் இருக்கும் நாட்டில், அந்தப் பிசகு ஓர் ஊரைத் தூக்கி மலைக்கு அந்தப்புறம் வைத்துவிடும்.

ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்து மலைகளில் ஊர் என்பது பல நேரம் குளிர்காலத்து வீடுகளின் தொகுதி. கோடையில் போய்ப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார்கள். மேலே கறுப்புக் கம்பளிக் கூடாரங்களில் இருப்பார்கள். ஜாஃப் குலம் குளிர்காலத்தைத் தாழ்நிலத்தில் கழித்துவிட்டுக் கோடையில் பெஞ்ச்வின் தாண்டி உயரப் போகும். சஞ்சாபி குலம் மாஹிதஷ்தில் கோடையைக் கழித்துக் குளிருக்கு ஸுஹாப் சமவெளிக்கு இறங்கும். அளவையர் எந்த மாதத்தில் வந்தார் என்பதைப் பொறுத்து ஒரே நிலம் குடியிருப்பாகவோ வெறுங்காடாகவோ குறிக்கப்படும். ஓடைகளும் அப்படித்தான். பனி உருகும்போது குதிரை கடக்க முடியாத வெள்ளம். கோடை முடிவில் கூழாங்கல் மட்டும். கீழ் ஊரில் ஒரு பெயர், மேல் ஊரில் வேறு பெயர்.

இரண்டு மேசைகள், ஏறக்குறைய 4,000 வேறுபாடுகள்

களத்தை விட்டு வந்ததும் வேலை இரண்டாகப் பிரிந்தது. பிரிட்டிஷ் அளவையர்கள் தங்கள் குறிப்புகளிலிருந்து ஒரு வரைபடமும், ரஷ்ய அளவையர்கள் தங்கள் குறிப்புகளிலிருந்து இன்னொன்றும் தயாரித்தார்கள். இடையில் கிரிமியப் போர் வந்தது. வரைபடம் தயாரிக்க வேண்டிய இரு அரசுகளும் எதிரெதிர் அணியில் நின்றன. அது முடிந்த கையோடு 1856இல் பிரிட்டனுக்கும் பாரசீகத்துக்கும் போர் மூண்டது.

1860களின் நடுவில் இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து விரித்துப் பார்த்தபோது சுமார் 4,000 இடங்களில் அவை ஒத்துப்போகவில்லை. ஒரே பயணம், ஒரே பாதை, பெரும்பாலும் ஒரே முகாம். களத்தில் இருந்தபோது ஒவ்வொரு மாலையும் இரு தரப்பு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுத் தீர்த்திருக்கக்கூடியவை இவற்றில் பாதியாவது இருக்கும் என்பது என் ஊகம். பத்தாண்டு கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டையும் ஒன்றாக்கிப் புதிதாக ஒரு கூட்டு வரைபடம் வரைந்தார்கள். 1869இல் அது முடிந்தது. ‘கார்த் இதாந்தீக்’, அதாவது ஒத்த வரைபடம் என்பது அதன் பெயர். அளவுவிகிதம் 1:73,050. ஒரு நாள் நடையாக 25 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டால், அது தாளில் 34 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு பெரிய, அவ்வளவு விவரமான வரைபடம். தொழில்நோக்கில் பார்த்தால் மதிக்கத்தக்க வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அதில் இருந்தது அளந்து வந்த நிலத்தின் ஒரு பட்டை மட்டும்; எல்லைக்கோடு கிடையாது. உங்கள் எல்லை இந்தப் பட்டைக்குள் எங்கேயோ இருக்கிறது, இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் அரசுகள் இரு தரப்பிடமும் அதைக் கொடுத்தன.

தொடர்ந்தது: 1869–1912

அதே 1869இல், இருப்பது இருந்தபடி தொடரட்டும் என்று உதுமானிய, பாரசீக அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. எது இருந்தது என்பதே தகராறாக இருக்கும்போது இந்த ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்று கேட்கத் தோன்றும். 1870களின் நடுவில் இஸ்தான்புல்லில் ஒரு குழு கூடிப் பேசிக் கலைந்தது. 1878இல் பெர்லின் உடன்படிக்கையின் 60ஆம் பிரிவு கோத்தூரைப் பாரசீகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. கணவாய் கைமாற ஒரு ரஷ்ய–துருக்கிப் போர் தேவைப்பட்டது. வரைபடத்துக்கு அதில் பங்கு இல்லை.

பட்டை வரைபடத்தின் உண்மையான விலை 1905இல் தெரிந்தது. பாரசீகத்தில் அரசியல் கொந்தளிப்பு தொடங்கிய நேரம். உதுமானியப் படைகள் வடமேற்குப் பாரசீகத்தின் லாஹிஜான், பஸ்வே பகுதிகளுக்குள் நுழைந்து, அடுத்த சில ஆண்டுகளில் உர்மியா ஏரிப் பக்கம் வரை முன்னேறின. கோடு இருந்தால் கோடு தாண்டினார்கள் என்று குற்றம் சாட்டலாம். எங்கள் உரிமை நிலத்தில்தான் நிற்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது, அதை மறுத்துக் காட்ட 1869இன் வரைபடத்தில் ஒன்றும் இல்லை. 1912இல் பால்கன் போர் அழுத்தியபோதுதான் அவர்கள் விலகினார்கள்.

1913–1914: மாற்றிய விதி

இதற்குள் நடுவர் அரசுகளின் அக்கறை கூடியிருந்தது. 1907இல் அவை பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகத் தமக்குள் பிரித்துக்கொண்டன. ரஷ்யப் படை அஸர்பைஜான் மாகாணத்தில் இருந்தது. 1908இல் மஸ்ஜிதே சுலைமானில் பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு எண்ணெய் கிடைத்திருந்தது. இரு அரசுகளும் நீதிக்காக அவசரப்படவில்லை என்பதைச் சொல்லிவைப்பது நல்லது.

1913 நவம்பரில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான நெறிமுறை (புரோட்டோகால் என்ற ஒப்பந்த ஆவணம்), கோட்டின் போக்கை ஊர் ஊராக, முகடு முகடாகச் சொற்களில் எழுதியது. என் கணக்கில் அதைவிட முக்கியமானது வேறு இரண்டு விதிகள். களத்தில் கருத்து வேறுபாடு வந்தால் உதுமானிய, பாரசீக ஆணையர்கள் 48 மணி நேரத்துக்குள் தங்கள் வாதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ், ரஷ்ய ஆணையர்கள் தனியே கூடி முடிவு சொல்வார்கள். அந்த முடிவு நான்கு அரசுகளையும் கட்டுப்படுத்தும். இரண்டாவது, வரையறுத்து முடித்த பகுதி முடிந்ததுதான். அதை மீண்டும் ஆராயவோ திருத்தவோ கூடாது.

1914 ஜனவரியில் குழு முஹம்மராவில் வேலையைத் தொடங்கியது. தெற்குச் சமவெளியைக் குளிரிலேயே முடித்து, வெயிலுக்கு முந்திக்கொண்டு வடக்கே நகர்ந்து, பனி விலகிய மலைகளைக் கோடையில் எடுப்பது திட்டம். 1850இல் வாதத்தில் கரைந்த பருவம் இம்முறை கரையவில்லை. பிரிட்டிஷ் தரப்பின் அளவை வேலையை சர்வே ஆஃப் இந்தியா என்ற இந்திய நில அளவைத் துறையின் அணி செய்தது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் மரபில் வந்த துறை அது. அணித்தலைவர் முன்பே திபெத்தில் அளந்தவர். பின்னாளில் அத்துறைக்கே தலைவரானார். முக்காலியில் பிளேன் டேபிள் என்ற வரைபலகையை நிறுத்தி, தாளைப் பலகையில் ஒட்டி, பார்க்கும் இடத்திலேயே வரைந்துவிடுகிற முறை அவர்களுக்குக் கைவந்தது. தாள் முகாமிலேயே இருக்கும். நான்கு தரப்பும் அன்றைக்கே பார்க்கலாம்.

நீர்பிரி முகடு கிடைத்த இடங்களில் கோடு முகட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தே யாரும் சரிபார்க்கலாம். முகடு இல்லாத இடங்களில்தான் பாடு. உதுமானியப் பக்கத்து மந்தலி நகரின் பேரீச்சந் தோப்புகள் கங்கீர் ஓடையின் நீரை நம்பி இருந்தன. அந்த ஓடை பாரசீகப் பக்கத்து மலையிலிருந்து வருகிறது. கோட்டை எங்கே போட்டாலும் ஒருவரின் தண்ணீர் இன்னொருவரின் மலையிலிருந்துதான் வரும். ஆகவே நீரைப் பங்கிடுவதைத் தனியே எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

ஸுஹாபின் அந்த பழைய வாக்கியத்துக்கும் இப்போது விடை வந்தது. அந்தப் பகுதியில் உள்ள கஸ்ர்-ஏ-ஷிரீன் நகருக்குத் தெற்கிலும் வடக்கிலுமாகச் சில நிலங்கள் உதுமானியப் பக்கம் போயின. அவற்றில் ஒன்றான சியா சுர்க்கில் 1904இலேயே எண்ணெய் வந்திருந்தது. பாரசீகம் கொடுத்த உரிமத்தின் கீழ் தோண்டிய கிணறு, இருந்த இடத்தில் இருந்தபடியே நாடு மாறியது. உரிமம் மட்டும் அப்படியே செல்லும் என்று நெறிமுறையின் 7ஆம் பிரிவில் எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசியில் குழு அரராத்தை அடைந்தது. மொத்தம் 227 எல்லைத்தூண்கள். சில நாட்களிலேயே உதுமானியப் பேரரசு உலகப் போரில் இறங்கியது.

அதன் பிறகு

உதுமானிய நாடாளுமன்றம் நெறிமுறையை உறுதிசெய்யவில்லை. அதைக் காட்டி அது செல்லாது என்ற வாதம் பின்னாளில் எழுந்தது. உதுமானியப் பேரரசு மறைந்து துருக்கியும் ஈராக்கும் அதன் இடத்துக்கு வந்தபின், 1932இல் துருக்கியும் ஈரானும் தங்களுக்குள் ஒரு திருத்தம் செய்ததில், சிறிய அரராத் துருக்கிக்குப் போனது. ஈராக்–ஈரான் வழக்கு 1930களின் நடுவில் சர்வதேச சங்கம் வரை போய், 1937 உடன்படிக்கையில் முடிந்தது; அது 1913இன் நெறிமுறையையும் 1914இன் கூட்டக் குறிப்புகளையுமே அடிப்படையாக ஏற்றது. 1975இல் அல்ஜியர்ஸில் பேசியபோதும் தரை எல்லைக்கு அதே ஆவணங்கள்தான். தெற்கே எல்லையாக ஓடும் ஷத்துல் அரபு ஆற்றின் கதை வேறு. 1913இல் கோட்டைக் கிழக்குக் கரையில் வைத்து, முஹம்மரா முன்னுள்ள பகுதி தவிர ஆற்றை உதுமானியருக்குக் கொடுத்தார்கள். 1975இல் அது ஆற்றின் ஆழக்கோட்டுக்கு நகர்ந்தது. 1980இல் ஈராக் போரைத் தொடங்குமுன் கிழித்துப்போட்டதும் அந்த உடன்பாட்டைத்தான்.

எதை மாற்றியிருக்கலாம்

1850இல் முஹம்மராவில் தேவைப்பட்டது இன்னும் நுணுக்கமான வரைபடம் அல்ல என்பது என் முடிவு. 1914இன் குழுவுக்குக் கருவிகள் மேலானவைதான். ஆனால் ஒரே ஆண்டில் வேலை முடிந்ததற்கு 48 மணி நேர விதியே முதல் காரணம். உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவில் இன்னும் இரண்டு வரி இருந்திருந்தால், 1849இன் குழுவே தன் கருவிகளை வைத்துக்கொண்டே எல்லையைப் போட்டிருக்கும். சில இடங்களில் 1.5 கிலோமீட்டர் பிசகியிருக்கும். பரவாயில்லை, தூணை நட்டுவிட்டால் தூண்தான் எல்லை, வரைபடம் அதைப் பின்தொடரும். இதற்கு எதிர்வாதமும் உண்டு: கட்டாயத் தீர்ப்பை 1849இல் இரு அரசுகளும் ஏற்றிருக்காது, 1913இல் இரண்டும் தளர்ந்துபோயிருந்ததால்தான் ஏற்றன. அது பெரும்பாலும் உண்மை. அப்படியானால் குழுவை அனுப்புமுன் எர்சுரூமிலேயே அதைப் பேசி, கிடைக்காது என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அளவையர்கள் கையில் இருந்ததும் ஒன்று உண்டு. ஏடுகளை முகாமிலேயே ஒப்பிட்டு, இரு தரப்பும் ஒரே பிரதியில் கையெழுத்திட்டிருக்கலாம். ஊர், ஓடை, கணவாய் ஒவ்வொன்றுக்கும் பார்த்த மாதத்தையும், யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதையும் சேர்த்திருந்தால் 1905இன் வாதங்களில் பலவற்றுக்கு அந்த ஏடே சாட்சி சொல்லியிருக்கும்.

கடைசியாக, மேய்ச்சல் குலங்கள். 1847 உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, யாருடைய குடிகள் என்று தெரியாத குலங்கள் இனி எங்கே வாழ்வது என்பதை ஒரே ஒரு முறை தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றது. எல்லையோரத்து மக்களுக்குப் பேச இடம் கொடுத்த ஒரே பிரிவு அது. அளவைக் குழு அவர்களின் பள்ளத்தாக்குகள் வழியாகத்தான் போனது. ஒவ்வொரு முகாமிலும் குலத் தலைவர்களை அழைத்து, எந்த மாதம் எந்தக் கணவாய் வழியாக ஏறுகிறார்கள், எந்த ஓடையில் நீர் எடுக்கிறார்கள், யாருக்கு வரி கட்டுகிறார்கள் என்று நான்கு ஆணையர்கள் முன்னிலையில் எழுதி வாங்குவதைக் குழுவின் கட்டாய வேலையாக வைத்திருக்க வேண்டும். அந்த வாக்குமூலங்கள் வரைபடத்தோடு இணைந்த ஆவணமாக இருந்திருந்தால், 1914இல் மந்தலியின் நீருக்குச் செய்த தனி ஏற்பாட்டை மேய்ச்சல் வழிகளுக்கும் செய்திருக்க முடியும்.